தாடை நோவும் இரவுக் கவசமும்: எதற்குப் பிறகு எதைச் செய்வது?

காதுக்கு முன்னால் நோவு, காலையில் எழும்பும்போது இறுகிக் கிடக்கும் கன்னம், வாய் திறந்தால் 'டக்' என்று ஒரு சத்தம். இவற்றில் ஒன்றோடு வருகிறவர்களில் பலர் கதிரையில் இருந்தவுடனே சொல்வது ஒன்றுதான்: "டொக்டர், எனக்கு ஒரு நைட் கார்ட் செய்து தாங்கோ." கேட்பதில் பிழையில்லை. ஆனால் இந்த வேலையில், நித்திரையில் பல்லின்மேல் போடும் அந்தக் கவசம் ஏழாவது படி. முன்னுள்ள ஆறையும் தாண்டிப் போய்ச் செய்த கவசங்கள் பெரும்பாலும் லாச்சிக்குள்தான் கிடக்கின்றன. ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை: முகம் பார்க்கும் கண்ணாடி, மில்லிமீற்றர் கோடு உள்ள அடிமட்டம், சமையலறை டிஜிற்றல் தராசு, ஒரு கொப்பி, கைத்தொலைபேசி. இவற்றோடு இரண்டு வாரப் பொறுமையும் வேண்டும்.

1. முதலில் வேறு நோயை விலக்குங்கள்

வாய் திறக்க முடியாமல் போவதெல்லாம் தாடை மூட்டுக் கோளாறு அல்ல. எங்கள் யாழ்ப்பாணத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பாக்குப் போடுவீர்களா? வெற்றிலையோடு போட்டாலும் சரி, பைக்கற்றில் வரும் பாக்குத்தூளானாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

பாக்கு வருடக்கணக்கில் கொடுப்புக்குள் கிடந்தால் கன்னத்தின் உட்சவ்வு வெளிறி, நார்கட்டி, இறுகிப் போகும். வாய் திறக்கும் அளவு மெல்ல மெல்லக் குறையும். இதில் நோவைவிட எரிவுதான் முன்னுக்கு நிற்கும். உறைப்புக் கறி நாவில் பட்டாலே தாங்காது. கன்னத்தின் உட்பக்கத்தை விரலால் தடவினால் பட்டை பட்டையாகத் தட்டுப்படும். புற்றுநோயாக மாறக்கூடிய நிலை இது. இதற்குக் கவசத்தால் ஒரு பயனும் இல்லை. பாக்கை அன்றே நிறுத்தி, வைத்தியசாலையின் வாய் முக அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். "நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தானே" என்பது எடுபடாது. இந்த இறுக்கத்துக்குக் காரணமே பாக்குத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ச்சலும் வீக்கமும் ஒரு பக்கக் கடைசிப் பல்லில் நோவும் இருந்தால் அது ஞானப்பல் அழற்சியாக இருக்கலாம். 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகக் கன்னப்பொறியில் தலையிடி வந்து, சாப்பிடச் சாப்பிடத் தாடை களைத்து, ஓய்ந்தால் விட்டு, பார்வையும் மங்கினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்குள்ள இரத்தக் குழாயின் அழற்சி கண் பார்வையைப் பறிக்கக்கூடியது. நடக்கும்போது தாடை நொந்து, வியர்த்து, நெஞ்சு அடைத்தால் அது இதயத்தின் வேலையாக இருக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், கழுத்தில் கட்டி, உதடு அல்லது நாடியில் (மோவாயில்) விறைப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

2. எந்தத் தசை என்று விரலால் தேடுங்கள்

தாடை நோவுகளில் பெரும்பங்கு மூட்டிலிருந்து வருவதில்லை, மெல்லும் தசைகளிலிருந்து வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் பின்னால் எந்தக் கவசம் என்ற கேள்விக்கே விடை கிடையாது.

அழுத்தும் அளவைத்தான் முதலில் பழக வேண்டும். தராசை மேசையில் வைத்து, சுட்டுவிரல் நுனியால் 1 கிலோ காட்டும் வரை அழுத்துங்கள். அந்த அளவு கைக்குப் பழகும் வரை சில தடவை செய்யுங்கள். 2014 இல் வெளியான, டிசி/டிஎம்டி என்று அழைக்கப்படும் சர்வதேச நோயறிதல் விதிகள் தசைக்குச் சொல்லும் அளவு இதுதான். மூட்டுக்கு அதில் பாதி. இந்தப் பயிற்சி இல்லாமல் பெருவிரலால் ஊன்றி அழுத்தினால் நோயில்லாதவருக்கும் நோகும்.

இப்போது இரண்டு கன்னத்திலும் விரல்களை வைத்துப் பல்லைக் கடியுங்கள். கன்ன எலும்புக்குக் கீழிருந்து தாடை மூலை வரை தடிப்பாக எழும்புவதுதான் கன்னத்தசை. அடுத்ததாகக் கன்னப்பொறியில் விரலை வைத்துக் கடியுங்கள். விசிறி போல விரிந்து எழும்புவது பொட்டுத்தசை. இடம் தெரிந்ததும் கடியை விட்டுவிடுங்கள். பலர் பிழைவிடுவது இங்கேதான்: பல்லைக் கடித்தபடியே அழுத்திப் பார்த்துவிட்டு "எல்லா இடமும் கல்லுப் போல இருக்கு" என்பார்கள். கடித்த தசை கல்லுப் போலத்தான் இருக்கும்.

தாடையைத் தளர்த்தி, கன்னத்தசையை மேல், நடு, கீழ் என்றும், பொட்டுத்தசையை முன், நடு, பின் என்றும் அழுத்துங்கள். ஓரிடத்தில் இரண்டு விநாடி போதும். நோவு வேறு இடத்துக்குப் பரவுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஐந்து விநாடி பிடியுங்கள். பிறகு காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அசைகிற எலும்பு முனை தட்டுப்படும். அதுதான் மூட்டு.

அழுத்தியபோது நோகிறதா என்பது பாதிக் கேள்விதான். மற்றப் பாதி: நோவது நீங்கள் நாளாந்தம் படுகிற அதே நோவா? ஆம் என்றால் மட்டும் கொப்பியில் அந்த இடத்தைக் குறியுங்கள். வேறு நோவு கணக்கில் இல்லை. வாய்க்குள் விரலை விட்டுப் பின்புறத் தசையைத் தேட வேண்டாம். அங்கே நோயில்லாத பலருக்கும் நோகும், அதிலிருந்து ஒன்றும் அறிய முடியாது.

கன்னத்தசையில் தொடங்கும் நோவு பல வேளைகளில் கொடுப்புப் பல்லில்தான் தெரியும். பொட்டுத்தசையின் நோவு மேற்பற்களுக்கு இறங்கும். எக்ஸ்றேயில் பல் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் குத்துகிறது என்று வேர்ச்சிகிச்சை செய்து, அதன் பிறகும் குத்துகிறது என்று பல்லைக் கழற்றி, அடுத்த பல்லுக்கு நோவு மாறியவர்களைக் கண்டிருக்கிறேன். கன்னத்தை ஐந்து விநாடி அழுத்தினால் அதே பல் குத்துகிறதா? குத்தினால், பல்லில் கை வைக்குமுன் அதைப் பல் வைத்தியரிடம் சொல்லுங்கள். விறைப்பூசி போட்டுப் பல் விறைத்த பிறகும் நோவு போகாவிட்டால் மூலம் வேறிடத்தில் இருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

3. வாய் எவ்வளவு திறக்கிறது, எப்படித் திறக்கிறது

கண்ணாடி முன் இருந்து, நோகாத அளவுக்கு வாயைத் திறந்து, மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ் முன்பல் விளிம்பு வரை அடிமட்டத்தால் அளவுங்கள். பிறகு நோவைப் பொறுத்துக்கொண்டு முடிந்தவரை திறந்து இன்னொரு அளவு. இரண்டையும் திகதியோடு எழுதுங்கள். வளர்ந்தவர்களுக்கு 40 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் சாதாரணம். அடிமட்டம் இல்லையென்றால் உங்கள் சொந்த விரல் மூன்றை நெடுக்காக நுழைத்துப் பாருங்கள்.

திறக்கும் பாதையையும் கவனியுங்கள். நாடி ஒரு பக்கம் ஒதுங்கிப் பிறகு நடுவுக்கு வந்தால், மூட்டுக்குள் இருக்கும் தட்டு இடம் விலகி மீண்டும் ஏறுகிறது என்று கொள்ளலாம். 'டக்' சத்தம் அந்த ஏற்றத்தின் சத்தம். நோவும் இல்லை, பிடிப்பும் இல்லை, சத்தம் மட்டும் இருக்கிறது என்றால் அதற்குச் சிகிச்சை தேவையில்லை. பலருக்கு இது ஆயுள் முழுக்க இருந்துவிட்டுப் போகிறது.

சத்தம் இருக்கிறதா என்று நாளுக்குப் பத்துத் தடவை வாயைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கமல்ல. அந்தச் சோதனையே மூட்டைச் சினக்க வைக்கும்.

சத்தம் திடீரென்று நின்று, அதே நாளில் வாயும் இரண்டு விரலுக்கு மேல் திறக்காமல் போனால் "சத்தம் சுகமாகிவிட்டது" என்று சந்தோஷப்படாதீர்கள். தட்டு முன்னால் சிக்கி நிற்கிறது. அப்படி நடந்தால் மாதக்கணக்கில் விடாமல் ஓரிரு நாளுக்குள் காட்டினால் விடுவிப்பது இலகு.

4. பகலில் பல் பல்லைத் தொடுவதைப் பிடியுங்கள்

இந்தப் படியைத்தான் ஆட்கள் அதிகம் பாய்கிறார்கள். எனக்குக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் முக்கியத்துவம் கொடுப்பேன்.

சும்மா இருக்கும்போது மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. உதடு மூடியிருக்கும், பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டும்தான் பல் பல்லில் படும். நாள் முழுக்கக் கூட்டினாலும் அது சில நிமிடங்கள்தான். பலமாகக் கடிக்காமல் மெல்லத் தொட்டுக்கொண்டு இருந்தாலும் தசை வேலையில்தான் இருக்கிறது. தோலில் மின்முனை ஒட்டித் தசையின் மின்னியக்கத்தைப் பதிவுசெய்தால் இந்த மெல்லிய தொடுகையும் ஓய்வுநிலையிலிருந்து வேறாகத் தெரியும். நோவுக்குக் காரணமாவது பெரும்பாலும் இந்தச் சின்ன வேலை மணிக்கணக்கில் நீள்வதுதான்.

கைத்தொலைபேசியில் நேரம் ஒழுங்கில்லாத அலாரங்களை வையுங்கள்: 9.10, 10.45, 11.20, 1.35 என்று. ஒவ்வொரு மணிக்கும் சரியாக வைத்தால் அலாரத்துக்கு முன்னே நீங்கள் வாயைத் திருத்திக்கொண்டு காத்திருப்பீர்கள். அடித்த கணத்தில் பல் எங்கே நின்றது என்பதை மட்டும் கொப்பியில் குறியுங்கள்: தள்ளி, தொட்டபடி, கடித்தபடி. எந்த வேலையில் இருந்தீர்கள் என்பதையும் ஒரு சொல்லில் எழுதுங்கள்.

ஒரு வாரம் போனால் உங்கள் எதிரி யாரென்று கொப்பி காட்டித் தரும். தைப்பவர்கள் ஊசியையோ நூலையோ பல்லில் பிடித்திருப்பார்கள். ஏ.எல். பிள்ளைகள் கணக்குச் செய்யும்போது பேனையைக் கடிப்பார்கள். குழி விழுந்த ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்கள் ஹெல்மெற்றுக்குள் கடித்துக்கொண்டிருப்பார்கள். தொலைபேசியைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கதைப்பவர்கள் தனி ரகம்.

கடித்திருக்கக் கண்டால் என்ன செய்வது? 'ன்' என்று சொல்லி நாக்கை அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால், பல்லில் படாமல் அண்ணத்தில் நிற்கும். அந்த நிலையில் பல்லைக் கடிப்பது கடினம். மெல்ல மூச்சை விட்டு, தோளை இறக்குங்கள். வாயை வலிந்து திறந்து வைத்திருக்க வேண்டாம். அதற்கும் தசை வேலை செய்ய வேண்டும்.

5. இரவைப் பற்றி விசாரியுங்கள்

நித்திரையில் பல் நறும்புவது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். காலையில் எழும்பின உடனே கன்னம் இறுகியிருந்து அரை மணியில் விட்டால் இரவில் தசை உழைத்திருக்கிறது எனலாம். மாலையில் கூடுகிற நோவுக்குப் பகற்பழக்கமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு இரவுக் கவசம் தரக்கூடிய பயன் குறைவு.

பல் தேய்ந்திருப்பது மட்டும் சாட்சியாகாது. அந்தத் தேய்வு பத்து வருடத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம். தேசிக்காய்ப் புளிப்பும் சோடாவும் நெஞ்செரிவு அமிலமும் பல்லைக் கரைக்கும்.

நறும்புதல் என்பது நித்திரை சற்றுக் கலைகிற கணங்களில் மெல்லும் தசைகள் தாளத்தோடு சுருங்குவது. 2018 இல் வந்த சர்வதேச ஒருமித்த அறிக்கை இதைத் தசை இயக்கம் என்றுதான் வரையறுத்தது. சுகதேகியிடம் இருந்தால் அதை நோய் என்று சொல்லவில்லை. ஆகவே நறும்புகிறவர்கள் எல்லாருக்கும் தாடை நோவு வருவதில்லை, நோவுள்ளவர்கள் எல்லாரும் நறும்புவதும் இல்லை.

இரண்டு கேள்விகளை விடாதீர்கள். ஒன்று, குறட்டை. நித்திரையில் மூச்சு நின்று திணறி எழும்புகிறவர், பகலில் தூங்கி விழுகிறவர் என்றால் முதலில் மூச்சுத்தடையைப் பரிசோதிக்க வேண்டும். மேற்பல்லில் போடும் சாதாரணக் கவசம் சிலருக்கு அந்தத் தடையைக் கூட்டிவிடும். இரண்டு, மருந்துகள். ஃபுளுவொக்ஸெற்றின், சேர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிலருக்குப் பல் கடிப்பைத் தொடக்கிவிடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதித் தந்த வைத்தியரிடம் சொல்லுங்கள், அளவோ மருந்தோ மாற்றலாம். மாலைக்குப் பின் கோப்பி, சாராயம், சிகரெட் மூன்றும் நறும்புதலைக் கூட்டக்கூடியவை.

6. இரண்டு வாரம் தசைக்கு ஓய்வு

கால் சுளுக்கினவர் ஓடமாட்டார். தாடை நொந்தவர் மட்டும் புழுக்கொடியல் கடிப்பார். இரண்டு வாரத்துக்கு விலக்க வேண்டியவை: புழுக்கொடியல், பருத்தித்துறை வடை, முறுக்கு, கச்சான், கரும்பு, சுயிங்கம், நாரோடு சப்பும் பனங்கிழங்கு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கச்சான் கடைக்கு முன்னால் இந்த உறுதி உடைவதைப் பார்த்திருக்கிறேன், வீட்டுக்குக் கொண்டுபோய் மற்றவர்களுக்குக் கொடுங்கள்.

சாப்பிடக்கூடியவை நிறைய இருக்கின்றன: சொதியில் ஊறிய இடியப்பம், கூழ், குழைந்த சோறு, அவித்த மீன், பூசணி, பழுத்த வாழைப்பழம். உதிரிப் புட்டை வெறுமனே சாப்பிட்டால் நெடுநேரம் மெல்ல வேண்டும்; பாலோ சொதியோ விட்டுக் குழையுங்கள். கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தை முழுசாகக் கடித்து உறிஞ்சாமல் துண்டு போட்டுச் சாப்பிடுங்கள். வாயை அகலத் திறக்க வைக்கும் எதையும் சின்னதாக வெட்டுவதுதான் விதி. அதற்காகக் கஞ்சியோடு மட்டும் மாதக்கணக்கில் இருந்துவிடாதீர்கள்; வேலையே இல்லாத தசையும் இறுகும்.

சுடுதண்ணீரில் தோய்த்துப் பிழிந்த துவாயைக் கன்னத்தில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், நாளுக்கு இரண்டு தடவை. சூடு தோலைச் சுடக்கூடாது. அதன் பிறகு நாக்கை 'ன்' நிலையில் அண்ணத்தில் வைத்தபடி, நாக்கு விடுபடாத அளவுக்கு மட்டும் வாயை மெல்லத் திறந்து மூடுங்கள், ஆறு தடவை. சூட்டுக்குப் பிறகு செய்வதுதான் ஒழுங்கு. குளிர்ந்த தசையை இழுத்தால் நோகும். கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே முட்டிக்கையைக் கொடுத்துத் தடுங்கள்.

இந்த இரண்டு வாரத்திலேயே பலருக்கு நோவு பாதிக்கு மேல் இறங்கிவிடும். அப்படியானவர்களுக்குக் கவசமே தேவைப்படாமல் போகலாம்.

7. எந்தக் கவசம்

இங்கே வந்தபின்தான் கவசம். அதற்கு முன் அடைக்க வேண்டிய பல்லை அடைத்து, கழற்ற வேண்டியதைக் கழற்றி, பல் கிளீன் பண்ணி முடியுங்கள். கவசம் செய்த பிறகு ஒரு பல்லில் உறை போட்டால் கவசம் பொருந்தாது, காசு வீண்.

கடையில் விற்கும், சுடுதண்ணீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் கவசம் மலிவு. ஓரிரு வாரம் சோதித்துப் பார்க்க உதவலாம். தடிப்பு சீராக இராது, பல் ஒழுங்கில்லாமல் படும். நீண்ட காலத்துக்கு வேண்டாம்.

மென்மையான கவசம் போட்டவுடன் சுகமாக இருக்கும். ஆனால் மெதுவான எதையாவது பல்லுக்கு நடுவே வைத்தால் மெல்லத் தோன்றுவது இயல்பு. 1987 இல் ஒக்கேசன் என்ற பல் வைத்திய ஆய்வாளர் பத்துப்பேரிடம் செய்த சிறிய ஆய்வில் கடினக் கவசம் எட்டுப்பேரின் இரவுத் தசை இயக்கத்தைக் குறைத்தது. மென்கவசம் ஐந்துபேருக்கு அதைக் கூட்டியது. பத்துப்பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் பலமாகக் கடிக்கிறவர்களுக்கு நான் மென்கவசத்தைத் தேர்வதில்லை. கடித்துக் கிழித்துக்கொண்டு வருவார்கள்.

பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது கடின அக்ரிலிக்கில் செய்த, ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடும், மேற்பரப்புச் சமமான கவசம். எல்லாப் பல்லையும் மூடுவது ஏன்? மூடாத பல் மாதக்கணக்கில் எதிர்ப்பல் படாமல் நின்றால் மெல்ல மேலெழும்பி, கடி மாறிவிடும். முன்பற்களை மட்டும் மூடும் சின்னக் கவசத்தின் ஆபத்து அதுதான். கொடுப்புப் பற்கள் படாததால் தசையின் பலம் அதில் உண்மையாகவே குறையும். ஆனால் தொடர்ந்து போட்டால் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் போகலாம். சின்னதாக இருப்பதால் நித்திரையில் கழன்று விழுங்குப்படும் பயமும் உண்டு.

கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளி நிறுத்தும் கவசம் வேறு ரகம். தட்டு சிக்குகிறவர்களுக்குக் குறுகிய காலத்துக்கு மட்டும், நெருங்கிய கண்காணிப்போடு. அதை நீண்டநாள் போட்டால் பின்பற்கள் படாமல் போய்விடும்.

கவசத்திடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். பல் தேயாமலும் உடையாமலும் அது காக்கும், அது நிச்சயம். போட்ட முதல் நாட்களில் தசை இயக்கம் குறையும், சில வாரத்தில் பலருக்குப் பழையபடி கூடும். நறும்புவதை அது நிறுத்தாது. நோவு குறைவது பலரிடம் காணக்கூடியது, எல்லாரிடமும் அல்ல.

8. அச்செடுக்கும் நாளும் பொருத்தும் நாளும்

அச்செடுக்கும்போது இரண்டு தாடைக்கும் அல்ஜினேற் என்ற அச்சுப் பசையில் அச்சு எடுத்து, இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்று மெழுகிலோ வேறு பொருளிலோ கடிப்பதிவும் எடுப்பார்கள். ஒரு தாடைக்கு மட்டும் எடுத்துக் கடிப்பதிவே இல்லாமல் செய்த கவசம் அன்றைக்குக் கதிரையில் நீண்ட நேரம் ராவ வேண்டிவரும். குமட்டுகிறவர் வயிறு நிரம்பச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள், தலையை முன்னுக்குச் சாய்த்து மூக்கால் மூச்சு விடுங்கள்.

பொருத்தும் நாளில் அவசரம் வேண்டாம். முதலில் கவசம் பல்லில் உட்காருவதைப் பார்க்க வேண்டும். விரல் அழுத்தத்தில் ஏற வேண்டும், நாக்கால் தள்ளினால் கழரக்கூடாது, ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் ஆடக்கூடாது. எந்தப் பல்லையும் இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. இது சரிவராமல் கடியைத் திருத்தத் தொடங்கினால் எல்லாம் திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்தது நிறத்தாள். நீலத்தாளைப் பற்களுக்கு நடுவே வைத்து 'தட்டுங்கோ, தட்டுங்கோ' என்பார்கள். கவசத்தில் எதிர்ப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீலப்புள்ளி விழ வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவில். ஒரு கொடுப்பில் மட்டும் பெரிய பொட்டு விழுந்து நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே பலமாக இடிக்கிறது. அந்தப் பொட்டை ராவி, திரும்பத் தட்டி, திரும்ப ராவ வேண்டும். பிறகு சிவப்புத்தாளை வைத்துத் தாடையைப் பக்கத்துக்கு உரசச் சொல்வார்கள். அப்போது வேட்டைப்பல் இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்புக் கோடு விழ வேண்டும். கொடுப்புப் பற்களில் சிவப்பு விழுந்தால் அதை எடுக்க வேண்டும், நீலப் புள்ளியை விட்டுவிட்டு. முன்னுக்கு உரசும்போது முன்பற்கள் மட்டும். இப்படிச் செய்வது ஏன் என்றால், நித்திரையில் பக்கத்துக்கு அரைக்கும்போது சுமை கொடுப்புப் பற்களில் விழாமல் இருக்க.

படுத்த நிலையில் சரியாக விழும் புள்ளி எழும்பி இருந்தால் மாறும். ஆகவே நிமிர்ந்து இருந்தும் ஒருதடவை தட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நோயாளிகள் பலர் செய்யும் பிழை, மரியாதைக்காகத் தலையாட்டுவது. "எப்பிடி, ரெண்டு பக்கமும் ஒண்டா படுதா?" என்று கேட்டால் "பரவாயில்லை டொக்டர், பழகிடும்" என்பார்கள். பழகாது. ஒரு பக்கம் முதலில் படுகிறது என்று உங்கள் பல் சொன்னால் அதை அப்படியே சொல்லுங்கள். தாளின் அடையாளத்தைவிடச் சில வேளை உங்கள் உணர்வுதான் சரி.

9. முதல் வாரங்கள்

இரவில் மட்டும் போடுங்கள். "கூட நேரம் போட்டால் கெதியாச் சுகம்" என்று இரவு பகலாகப் போடுகிறவர்கள் கடி மாறி வருகிறார்கள்.

முதல் சில நாள் எச்சில் கூடும், கதைத்தால் கொன்னை போல வரும். ஒரு பல் சற்று இறுகியதுபோல இருந்து சில நிமிடத்தில் விட்டால் பரவாயில்லை. பல் நொந்தால், அல்லது முரசு வெட்டுப்பட்டால், சமாளிக்காமல் திருப்பிக் கொண்டு போங்கள். நீங்களாகக் கத்தியாலோ அரத்தாலோ ராவாதீர்கள்.

காலையில் கழற்றியதும் பற்கள் வேறு விதமாகப் படுவதுபோல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் பழையபடி வரும். மத்தியானம் வரை வரவில்லை என்றால் கவசத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

ஒன்று இரண்டு வாரத்தில் முதல் மறுபார்வை. அதை விடக்கூடாது. தசை தளரத் தளரக் கீழ்த்தாடை வேறு இடத்தில் வந்து நிற்கும். பொருத்திய அன்று சரியாக விழுந்த புள்ளிகள் இப்போது ஒரு பக்கம் பாரமாக விழும். அதைத் திருத்தாமல் போட்டால் கவசமே நோவுக்குக் காரணமாகும். பருத்தித்துறையிலிருந்தோ தீவுப் பக்கமிருந்தோ பஸ் ஏறி வருகிறவர்கள் இந்த மறுபார்வைத் திகதியை அச்செடுக்கும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது கவசத்தையும் கொப்பியையும் கொண்டு வாருங்கள். கவசத்தை மறந்து வருகிறவர்கள் நிறையப்பேர்.

பகல் அலாரத்தை நிறுத்த வேண்டாம். கவசம் போட்டாயிற்று என்று நாலாவது படியைக் கைவிட்டவருக்கு நோவு திரும்பி வரும்.

10. கழுவுவதும் வைப்பதும்

காலையில் பச்சைத்தண்ணீரில், மெதுவான பிரஷ்ஷால், கொஞ்சம் சவர்க்காரத்தோடு கழுவுங்கள். பற்பசை கீறிவிடும். கொதிதண்ணீர் வளைத்துவிடும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள், வெயில் படும் கார் முகப்பில் வைத்தாலும் வளையும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கவசத்தில் வெள்ளைப் படிவு பிடிக்கும். கடைசியாகக் கழுவும் தண்ணீர் வடிகட்டியதாக இருந்தால் படிவு குறையும். பிடித்துவிட்டால் கட்டுப்பல்லுக்கு விற்கும் மாத்திரையில் ஊறவையுங்கள். வைப்பது மூடியுள்ள பெட்டியில், ஈரத்தோடு. நாய் வளர்க்கிற வீடென்றால் உயரத்தில் வையுங்கள். எச்சில் வாசத்துக்கு நாய் தேடி வரும், ஒரு கடியில் முடித்துவிடும்.

11. நோவு குறையாவிட்டால்

ஆறு வாரம் ஒழுங்காகப் போட்டும், பகற்பழக்கத்தைத் திருத்தியும் மாற்றம் இல்லை என்றால் தடிப்பான கவசம் கேட்காதீர்கள். முதலாவது படியிலிருந்து திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். நோயறிதலே பிழையாக இருக்கலாம். கழுத்துத் தசை, காது, சைனஸ், ஒற்றைத் தலையிடி எல்லாம் தாடை நோவாக நடிக்கும். நீண்ட நாள் நோவுக்குப் பின்னால் நித்திரையின்மையும் மனச்சுமையும் இருந்தால் அவற்றுக்கும் தனியாக உதவி தேட வேண்டும். அதை ஒளிக்கத் தேவையில்லை.

"கடி சரியில்லை, நாலைந்து பல்லை ராவிவிடுவம்" என்றோ "எல்லாப் பல்லுக்கும் உறை போடுவம்" என்றோ தாடை நோவுக்காக யாராவது சொன்னால் இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள். ராவிய பல் திரும்ப வளராது. கவசம் பிடிக்காவிட்டால் கழற்றி வைக்கலாம், ராவியதை அப்படிச் செய்ய முடியாது.

நோவு குறைந்தவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு ஒன்றுவிட்ட இரவு, பிறகு வாரத்தில் இரண்டு இரவு என்று இறக்கிப் பார்க்கலாம். பலமாக நறும்புகிறவர்கள் பல்லைக் காப்பதற்காகத் தொடர்வது நல்லது. அவர்கள் வருடத்துக்கு ஒருதடவை கவசத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இடையில் ஒரு பல்லை அடைத்தாலும் கழற்றினாலும் அதே நாளில் கவசத்தைப் போட்டுப் பார்த்துத் திருத்திக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.